கிராண்ட் கேன்யனுக்கு மூன்று முதியவர்கள்: பாடாங் செராய் குடும்பம் ஒன்றின் பயணத் திட்டம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்குக் கெடாவில் பாடாங் செராயைச் சுற்றி ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ரப்பர்த் தோட்டம். இப்போது பல இடங்களில் செம்பனை நிற்கிறது, சில தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன (குடியிருப்புப் பகுதிகள்). பக்கத்திலேயே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. பால்மரம் வெட்டியவர்களின், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களின், பிள்ளைகள் சிப் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் அதே தொழிலில் அமெரிக்காவின் அரிசோனா வரை போய்க் குடியேறியிருக்கிறார்கள். இந்த நிகழ்வு அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியது.

மகன் பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள சாண்ட்லரில் பொறியாளர். 2024 தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தவர், அம்மா அப்பாவையும் அப்பாவின் அக்காவையும் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் என்ற பெரும்பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு 76 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். சர்க்கரைக்குக் காலையில் கிளிக்லசைட், மெட்ஃபார்மின் மாத்திரைகளும் இரவில் இன்சுலினும் எடுக்கிறார். ஒரு கண்ணில் புரை. அம்மாவுக்கு 71 வயது. இதயம் சற்றுப் பலவீனம், கால் வீங்கும், அதற்குத் ‘தண்ணி மாத்திரை’ உண்டு. அத்தைக்கு 79 வயது. முட்டி வலியைத் தவிர நோய் என்று எதுவும் எழுதப்படாதவர். ஊரில் இருந்து திட்டத்தைக் கவனித்தவர் மகள், ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுத்தர். பயணத்திலும் அவர் உடன் போனார்.

நான் தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டம் போனாலும் ‘டிரஸ்ஸர்’ என்ற பெயர் போகவில்லை, மருந்துச் சீட்டோடு வாசலுக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. மகள் வந்ததும் அப்படித்தான். நான் அரிசோனாவுக்குப் போகவில்லை. மகள் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம், குடும்பத்தாரோடு பேசியது, கேமரன் மலையில் நேரில் பார்த்தது ஆகியவற்றை வைத்து, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். இதில் வரும் மருந்து மாற்றங்கள் அந்தந்த நபருக்கு மருத்துவர் சொன்னவை. வேறு யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் திட்டம்

மகன் அனுப்பிய முதல் திட்டம் இளைஞர்களுக்கானது. லாஸ் வேகாஸில் இறங்கி, யூட்டா மாநிலத்தின் சயான் பள்ளத்தாக்கு, பேஜ் ஊருக்குப் போய் ஆன்டலோப் கேன்யன், குதிரை லாட வளைவு, அங்கிருந்து கிராண்ட் கேன்யன் தென் விளிம்பு, பிறகு செடோனா, கடைசியாக வீடு. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் பெட்டி கட்ட வேண்டும். அதிகாலையில் சூரிய உதயம், மாலையில் அஸ்தமனம், நடுவில் நீண்ட கார்ப் பயணம். முட்டி வலி உள்ள ஒருவர் காரில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து நிமிடம் எப்படி நடப்பார் என்ற கணக்கு அதில் இல்லை.

ஆன்டலோப் கேன்யன் நவாஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். மகன் தேர்ந்தெடுத்தது கீழ்ப் பகுதி. அதற்குள் இறங்கவும் ஏறவும் செங்குத்தான இரும்புப் படிகள். மேல் பகுதிக்குத் தரை மட்டத்தில் நுழையலாம் என்றாலும் வெளியே வருவதற்கு அங்கேயும் படிக்கட்டு உண்டு. 1997 ஆகஸ்டில் கீழ்ப் பகுதியில் திடீர் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, மேலே வெகு தூரத்தில். இப்போது எச்சரிக்கை ஏற்பாடுகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் ‘சீக்கிரம் ஏறுங்கள்’ என்றால் ஏற முடியாதவரை அந்த இடுக்குக்குள் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மாவின் மனதில் வேறொன்று இருந்தது. கைப்பேசியில் யாரோ அனுப்பிய காணொளியில் பார்த்த கண்ணாடிப் பாலம். அது ஹுவாலபாய் மக்களின் நிலத்தில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்கைவாக். தேசியப் பூங்காவின் தென் விளிம்பிலிருந்து அங்கே போக நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடம் என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த வீட்டிலும் தேதி போட்ட பிறகுதான் அது தெரிந்தது.

மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டது

திட்டத்தைத் திருத்துவதற்கு முன் மூவரிடமும் தனித்தனியாகப் பேசச் சொன்னேன், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். நம் வீடுகளில் பெரியவர்களிடம் கேட்பது என்றால், ‘போலாமாப்பா?’ என்று கேட்டு, ‘உங்க இஷ்டம்மா’ என்று பதில் வாங்குவது. அதை யாரும் கேட்ட கணக்கில் சேர்க்க முடியாது.

அம்மா வெளிப்படையாகச் சொன்னார்: பேரனைப் பார்க்கத்தான் போகிறார், பள்ளத்தாக்கு அதற்குப் பிறகு. அப்பாவுக்கு ஒன்றே ஒன்று வேண்டும். “அந்த ஆறு எவ்ளோ கீழ ஓடுதுன்னு கண்ணால பாக்கணும்.” அத்தை கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். இதுவரை அவரை யாரும் கேட்கவில்லையாம், பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். “உக்காந்து பாக்க ஒரு எடம் இருந்தா போதும் தம்பி. ஓடி ஓடிப் பாக்கற வயசா எனக்கு?” என்றார்.

இந்த மூன்று பதில்களையும் மகள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். பிற்பாடு நடந்ததற்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

கேமரன் மலையில் ஒத்திகை

தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பினாங்குக் கொடிமலை 833 மீட்டர், கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊர் சுமார் 1,440. உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் பேசப்படும். ஆனால் 2,100 மீட்டரில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதயம் பலவீனமானவர் நடக்கும்போது இது தெரியும். தானா ராத்தா அந்த உயரத்துக்கு ஈடாகாது. ஆனாலும் நீண்ட கார்ப் பயணம், குளிர், மேடு இறக்கத்தில் நடை, வேறு வீட்டுக் குளியலறை ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஜூலையில் இரண்டு இரவுகள் அங்கே தங்கினார்கள், நானும் என் மனைவியும் போனோம்.

நடையில் அத்தைதான் முதல். மெதுவாக நடந்தார், நின்று நின்று நடந்தார், ஆனால் சோர்ந்து போகவில்லை. அப்பா வேகமாக முன்னே போய்விடுவார், யாரையும் பார்த்து நிற்க மாட்டார். தோட்டத்தில் மேட்டு நிரைகளில் ஏறி இறங்கிய கால்கள். அதிகாலை நாலரைக்கே எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். பெரட்டுக்கு, அதாவது விடியலில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, போன பழக்கம் என்று எல்லோரும் சிரித்தோம்.

கவலைப்பட வேண்டியது அம்மாவிடம் வெளிப்பட்டது. இரண்டாம் நாள் மாலை கணுக்கால் வீங்கியிருந்தது, படிக்கட்டில் மூச்சு வாங்கினார். மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். இரண்டு நாளும் தண்ணி மாத்திரை எடுக்கவே இல்லை. மகள் அதிர்ந்துபோய்க் கேட்டார். அம்மா சாதாரணமாகச் சொன்னார்: “அத போட்டா அரை மணிக்கு ஒருக்கா போகணும். வழியில எங்க போயி ஒதுங்கறது? காடிய நிறுத்து நிறுத்துன்னு எத்தன வாட்டி சொல்றது?” இன்னும் விசாரித்ததில், கூட்டுப் பிரார்த்தனைக்குப் பேருந்தில் போகும் நாட்களில், கல்யாணத்துக்குப் போகும் நாட்களில் எல்லாம் இப்படித்தான் என்று தெரிந்தது. மாத்திரையை நிறுத்துவதோடு தண்ணீரும் குடிப்பதில்லை. பல ஆண்டுகளாக நடந்துவந்த விஷயம், அரிசோனாவுக்குப் போகாமலிருந்தால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

முதியவர்களோடு பயணம் என்றால் உயரம், இதயம், மருத்துவச் சான்று என்று பெரிய வார்த்தைகளில் தொடங்குகிறோம். நான் பார்த்தவரை பாதிச் சிக்கல் கழிப்பறையில் இருக்கிறது. அதை அவர்கள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் மருத்துவர். அரசு கிளினிக்கில் அம்மாவை முழுதாகப் பரிசோதித்தார்கள். பயண நாட்களில் தண்ணி மாத்திரையைக் காலையில் எடுக்காமல், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பிற்பகலில் எடுக்கலாம், விடவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் சும்மா இருக்கக் கூடாது. அதற்காகச் சிறு எடைக் கருவி ஒன்று மகன் வீட்டில் வாங்கி வைக்கப்பட்டது. அப்பாவுக்கு 15 மணி நேர வித்தியாசத்தில் இன்சுலினை எப்படி மாற்றுவது என்று ஓர் அட்டவணை. இன்சுலின் கைப்பையில், விமானத்தின் சரக்கறையில் அல்ல. வெயிலில் நிறுத்திய காரிலும் அல்ல. கிளினிக்கில் வழக்கமாக ஒரு மாத மருந்துதான் கையில் கிடைக்கும், பயணத்தைச் சொல்லிக் கூடுதலாக வாங்கினார்கள்.

இடங்களைக் குறைத்தார்கள். சயான், பேஜ், ஸ்கைவாக் மூன்றும் போயின. லாஸ் வேகாஸும் போயிற்று. மிஞ்சியது மகன் வீடு, செடோனா, தென் விளிம்பு. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. சாண்ட்லர் சுமார் 370 மீட்டர், செடோனா 1,300, தென் விளிம்பு 2,100. படிப்படியாக ஏறினால் உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும், எந்தப் படியிலும் சரியில்லை என்றால் இரண்டு மணி நேரத்தில் கீழே வந்துவிடலாம். பெரிய மருத்துவமனை தென் விளிம்பிலிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி ஃபிளாக்ஸ்டாஃபில்தான் என்பதும் கணக்கில் இருந்தது. வட விளிம்பை யோசிக்கவே இல்லை, அது இன்னும் உயரம்.

காலம் அக்டோபர் பிற்பாதி. ஜூன், ஜூலையில் பள்ளத்தாக்கின் அடியில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை. அக்டோபரில் விளிம்பில் பகலில் சராசரி 18 டிகிரி, இரவில் 2 டிகிரி. குளிருக்குத் துணி போட்டுக்கொள்ளலாம். தவிர, அத்தை புரட்டாசி முழுக்க மரக்கறி. புரட்டாசி முடிந்து கிளம்பினால் தீபாவளி பேரனோடு. குடும்பத்தை ஒரு மனதாக்கியது தட்பவெப்பக் கணக்கு அல்ல, இந்தத் தீபாவளிதான்.

தென் விளிம்பில் மேற்கே போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் முடிய சொந்தக் கார் போக முடியாது, பூங்காவின் இலவசப் பேருந்து மட்டும். ஆனால் நடக்க முடியாதவர் காரில் இருந்தால் அதற்கென்று அனுமதி அட்டை கொடுக்கிறார்கள். அத்தைக்காக அதை வாங்குவது என்று முடிவு. கிழக்கே 40 கிலோமீட்டர் நீளும் டெசர்ட் வியூ சாலையில் எப்போதும் கார் போகலாம். மகள் பூங்காவின் வரைபடத்தை அச்செடுத்து, கழிப்பறை உள்ள இடங்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டார். பார்க்க வேண்டிய இடங்களை அதற்குப் பிறகுதான் குறித்தார். அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டி, ‘இங்கேயிருந்து இங்கே இத்தனை நிமிடம்’ என்று விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது என்று எழுதியிருக்கிறார். அங்கே காகிதம் மட்டும்தான் இருக்கும் என்பதால் ஆளுக்கொரு சிறு தண்ணீர்ப் புட்டி, பையில் தனியாக.

தங்குமிடம் பூங்காவுக்கு வெளியே டூசாயனில். பூங்காவுக்குள் உள்ள விடுதிகள் ஓராண்டுக்கு முன்பே பதிவாகிவிடுகின்றன. விடுதியிடம் மகன் கேட்ட கேள்வி இரண்டு: மின்தூக்கி உண்டா, குளிக்கும் இடம் தொட்டியா? அமெரிக்க விடுதிகளில் முட்டி உயரத் தொட்டிக்குள் கால் தூக்கி வைத்து இறங்கித்தான் குளிக்க வேண்டியிருக்கும். ஈரக் காலோடு அதிலிருந்து வெளியே வருவது எந்தக் கேன்யனையும்விட ஆபத்து. கைப்பிடியுள்ள, தொட்டியில்லாத அறை ஒன்று கிடைத்தது.

மற்றவை சுருக்கமாக. விசாவுக்கு ஆளுக்கு 185 டாலர், கோலாலம்பூரில் தூதரகத்தில் நேர்காணல். ஏற்கெனவே உள்ள நோய்களையும் ஏற்கும் காப்பீட்டைத் தேடி எடுத்தார்கள், விலை அதிகம். மசாலாத் தூள் போனது, கறிவேப்பிலை போகவில்லை. எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று அமெரிக்காவில் அனுமதிப்பதில்லை.

பயணம்

பினாங்கிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ், பிறகு பீனிக்ஸ். மூவருக்கும் சக்கர நாற்காலி உதவி பதிவாகியிருந்தது. சிங்கப்பூரில் அப்பா உட்கார மறுத்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸில் குடிநுழைவு வரிசையைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்.

சாண்ட்லரில் ஐந்து நாள் ஓய்வு. அங்கே மகள் கவனித்த ஒன்று முக்கியம். வெயிலில் நடந்தும் யாருக்கும் வேர்க்கவில்லை. கெடாக்காரர்களுக்கு வேர்த்தால்தான் வெயில், வேர்த்தால்தான் தாகம். பாலைக் காற்று அவ்வளவு வறண்டது, வேர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடுகிறது. அம்மாவும் அத்தையும் ‘தாகமே இல்லையே’ என்று தண்ணீரை ஒதுக்கினார்கள், இரண்டாம் நாளே உதடு வெடித்தது. அம்மாவுக்கு மருத்துவர் சொன்ன அளவுக்குள், மற்ற இருவருக்கும் தாராளமாக, மணிக்கொருமுறை தம்ளரில் ஊற்றிக் கையில் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். புட்டியைக் கொடுத்தால் பையில் போட்டுக்கொள்வார்கள், தம்ளரைக் கொடுத்தால் குடித்துத்தான் திருப்ப வேண்டும்.

செடோனா போகும் வழியில் மாண்டெசூமா காசில். செங்குத்துப் பாறையின் நடுவே பழங்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய குடியிருப்பு. கீழிருந்து பார்க்கச் சீரான சிமெண்டுப் பாதை, குட்டைச் சுற்று. அத்தைக்கு மிகவும் பிடித்தது. “லயத்து வீட்ட மலை மேல கட்டி வச்ச மாதிரி” என்றாராம். செடோனாவில் இரண்டு இரவு சிரமம் எதுவும் இல்லை. அம்மாவின் எடை மாறவில்லை.

தென் விளிம்புக்குப் பிற்பகலில் போய்ச் சேர்ந்து மேதர் பாயிண்டில் நின்றார்கள். 446 கிலோமீட்டர் நீளம், 1,800 மீட்டர் வரை ஆழம், அடியில் கொலராடோ ஆறு. ஆனால் அங்கேயிருந்து ஆறு ஒரு சிறு துண்டாகத்தான் தெரியும், அதுவும் எங்கே என்று தெரிந்தவருக்கு. பேரன் விரலை நீட்டிக் காட்டினான். அப்பாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. “ஆறு எங்கடா?” என்று இரண்டு முறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. ஆறு நன்றாகத் தெரியும் இடங்கள் கிழக்கே லிப்பன் பாயிண்ட், டெசர்ட் வியூ. அவை திட்டத்தில் மூன்றாம் நாள்.

பிரைட் ஏஞ்சல் பாதையில் நடந்தது

மறுநாள் காலை விடுதியில் பசியாறல். குளிர்ந்த பால், தானியம், ரொட்டி. வீட்டில் நான்கு தோசையோ இரண்டு தட்டு மீகூனோ சாப்பிடுகிற அப்பா அரை ரொட்டியும் காப்பியும் எடுத்தார். மாத்திரைகளை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். எட்டரை மணிக்கு எல்லோரும் பூங்காக் கிராமத்துக்குப் போனார்கள். அம்மாவும் மகளும் கழிப்பறைக்குப் போக, அத்தை பெஞ்சில் உட்கார, மகன் கார் நிறுத்தப் போக, “இதோ வர்றேன்” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அப்பா நடந்தார். அவர் போனது பிரைட் ஏஞ்சல் பாதையில். விளிம்பிலிருந்து ஆறு வரை இறங்கும் பாதை அது.

இறங்குவது சுலபம், அதுதான் அந்தப் பாதையின் சிக்கல். மலை ஏறும்போது முதலில் களைப்பு, பிறகு திரும்புவது எளிது. இங்கே தலைகீழ். இறங்க ஆன நேரத்தைப்போல் இரு மடங்கு ஏற ஆகும் என்பது அங்கே சொல்லப்படும் பொதுக்கணக்கு. மேட்டுத் தோட்டத்தில் காலையில் ஏறி, பால் வாளியோடு இறங்கிப் பழகியவருக்கு அது தோன்றியிருக்காது.

ஒன்பது மணிக்குப் போனவரைப் பத்து மணிக்குச் சற்று முன் மகன் கண்டுபிடித்தார், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கீழே, அந்தப் பாதையில் வரும் இரண்டாவது சுரங்கத்துக்கு மேலே. திரும்பி ஏறத் தொடங்கியவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. அந்தக் குளிரிலும் வறட்சியிலும் சட்டை நனைவது இயல்பல்ல. கை நடுங்கியது, பேச்சு தடுமாறியது. அந்த வழியே வந்த அமெரிக்கத் தம்பதி பக்கத்தில் உட்கார்ந்து, தங்களிடமிருந்த பழச்சாற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் பையோடு இறங்கி வந்து சர்க்கரை பார்த்தார்: 3.4. அதற்குள் வந்திருந்த பூங்காக் காவலர் எண்ணைக் கேட்டுக் குழம்பினார். அவர்கள் ஊர்க் கணக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம், நம்முடையது லிட்டருக்கு மில்லிமோல். 18ஆல் பெருக்கினால் 61. இரண்டு கணக்கிலும் அது தாழ்சர்க்கரைதான். மகளின் நோட்டில் அந்த மாற்றுக் கணக்கு முன்பே எழுதியிருந்ததால் நேரம் வீணாகவில்லை. மேலும் இனிப்பு கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 4.9. பிஸ்கட் சாப்பிட வைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார வைத்து மேலே கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மேலே வந்ததும் அப்பா சொன்னது: “வெறும் வயித்தோட பால் வெட்டப் போயிருக்கேன், இப்படி வந்ததே இல்ல.” அப்போது சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைட் இல்லை, இன்சுலின் இல்லை, வயது முப்பது.

அதன் பிறகு

பூங்காவுக்குள் ஒரு சிறு கிளினிக் உண்டு. அங்கே இதயத் துடிப்பு வரைபடம் எடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஆக்சிஜன் 92 விழுக்காடு, அந்த உயரத்துக்குப் பரவாயில்லை என்றார்கள். ஊரில் மருத்துவரைக் கேட்கலாம் என்றால் அங்கே காலை பதினொன்று, இங்கே அடுத்த நாள் விடியற்காலை இரண்டு. மாலை ஐந்து வரை காத்திருந்து, இங்கே காலை எட்டுக்கு அழைத்தார்கள். பயணம் முடியும்வரை காலை கிளிக்லசைட்டைப் பாதியாக்கச் சொன்னார், சரியாகச் சாப்பிடாத வேளையில் அதையும் போட வேண்டாம் என்றார். அன்று மாலை மகள் கடைக்குப் போய் முட்டையும் அரிசியும் வாங்கினார். அறையில் இருந்த சிறு அடுப்பில் அடுத்த நாளிலிருந்து பசியாறல் சோறும் முட்டையும்.

அந்தப் பகல் முழுக்க ஓய்வு. ஹெர்மிட் சாலையை விட்டுவிட்டார்கள், வாங்கிய அனுமதி அட்டை பயன்படவில்லை. மறுநாள் டெசர்ட் வியூ சாலை. லிப்பன் பாயிண்டில் காரிலிருந்து சில அடியிலேயே ஆறு வளைந்து போவது தெரிந்தது. அப்பா அங்கே நீண்ட நேரம் நின்றார், ஆழத்தையும் அகலத்தையும் பற்றிப் பேரனிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார், அன்று வேறெங்கும் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

அத்தையின் நாள் அதற்கும் அடுத்தது. விளிம்பை ஒட்டிய சமதளப் பாதையில் ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கிட்டுப் உலோகக் குறிகள் பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் பாறைகளைக் கொண்டுவந்து, அதனதன் வயதுக்குரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். மேல் விளிம்பின் சுண்ணாம்புக் கல் 27 கோடி ஆண்டு, அடியில் உள்ள பாறை 170 கோடிக்கும் மேல். அத்தை சக்கர நாற்காலியில் பாதி, நடந்து பாதியாக ஒவ்வொரு கல்லையும் தொட்டுக்கொண்டு போனார். மூவரில் அதிகம் பார்த்தவர் அவர்தான் என்பது என் கருத்து.

அம்மா ஒருநாளும் மாத்திரையை விடவில்லை. விமானத்தில் வந்த லேசான வீக்கம் சாண்ட்லரிலேயே வடிந்தது. அக்டோபர் 31 தீபாவளியை மகன் வீட்டில் கொண்டாடிவிட்டு நவம்பர் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். அப்பாவின் சர்க்கரை மருந்துகளைக் கிளினிக்கில் முழுதாகத் திருத்தி அமைத்தார்கள். காலை வேளைகளில் இங்கேயும் அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அதைப் ‘பித்தம்’ என்று நினைத்திருந்தார் என்று அப்போது தெரியவந்தது.

மாற்ற வேண்டியவை

அப்பா போனதற்குப் பிடிவாதத்தைக் காரணம் சொல்வது எளிது, குடும்பத்தில் சிலர் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். என் பார்வை வேறு. அவர் என்ன வேண்டும் என்று கேட்டாரோ அது நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது, திட்டத்தில் மூன்றாம் நாளுக்குப் போயிருந்தது. முதல் நாளே கிழக்கு வாசல் வழியாக நுழைந்து, டெசர்ட் வியூவில் ஆற்றைக் காட்டிவிட்டுக் கிராமத்துக்கு வந்திருக்கலாம். செடோனாவிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப், அரிசோனாவிலேயே உள்ள கேமரன் என்ற ஊர் வழியாக அந்த வாசலுக்கு வரப் பாதை இருக்கிறது, தூரம் சற்றே அதிகம். ஆற்றைத் தேடி இறங்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்திருக்காது.

கேமரன் மலையில் அவர் விடியலில் தனியே போனதையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் குறிப்பில் சேர்த்திருக்க வேண்டும். தடுப்பதால் பயனில்லை. கழுத்தில் தொங்கும் கைப்பேசி, சட்டைப் பையில் இனிப்பு, ‘எனக்குச் சர்க்கரை நோய்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஆகிய மூன்றும் போதும். இனிப்பு மகளின் கைப்பையில் இருந்தது, தேவைப்பட்டவர் ஒரு கிலோமீட்டர் கீழே இருந்தார்.

பசியாறலையும் மருந்தோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஒத்திகையில் குளிர், படி, குளியலறை எல்லாம் பார்த்தோம். ஆனால் தானா ராத்தாவில் ரொட்டி சானாயும் தோசையும் கிடைத்ததால் சாப்பாட்டுச் சோதனை நடக்கவே இல்லை.

மகன் இப்போது சயான் பற்றிக் கேட்கிறார். அதன் தரை சுமார் 1,200 மீட்டர் உயரம்தான், ஆற்றோரமாகச் சமதளப் பாதைகள் உண்டு, ஆறு பக்கத்திலேயே ஓடும். அந்த வகையில் இந்தக் குடும்பத்துக்குக் கிராண்ட் கேன்யனைவிடப் பொருத்தம். செலவு கூடியிருக்கிறது. 2026 ஜனவரி முதல் சயான், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டினர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் 250 டாலர் ஆண்டு அட்டை எடுக்க வேண்டும். மூத்தோருக்கான சலுகை அட்டை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் மட்டும். அப்பா தயார் என்கிறார். அம்மா மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். அத்தை வரவில்லை. காரணம் கேட்டதற்கு, “அதான் பாத்தாச்சுல்ல” என்றார்.